சைக்கிள் பிரேமை மாற்றும் முன் டயரை மாற்றிப் பாருங்கள்

சைக்கிள் கையை உதறுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று புது பிரேம் வாங்கக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் வெட்டி ஒட்டுப்போட்ட ரோட்டில் 23 மி.மீ. அகல டயரில் 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றடித்துக்கொண்டு ஓட்டினால் எந்த பிரேமும் உதறத்தான் செய்யும். 28 அல்லது 32 போடுங்கள், ஆனால் வாங்குமுன் பிரேமிலும் போர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) டயருக்கு இருபுறமும் 4 மி.மீ.யாவது இடம் இருக்குமா என்று அளந்துவிடுங்கள். 70 கிலோ ஆள் என்றால் 28க்கு 75, 32க்கு 60 பிஎஸ்ஐ வைத்து ஆரம்பித்து, ஐந்து ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். குழியில் ரிம் இடிபட்டால் மறுபடி ஐந்து ஏற்றுங்கள். முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாகவே போதும்.

சரி, பிரேம் குழாய்? ஸ்டீல், அலுமினியத்தைவிட ஏறக்குறைய 3 மடங்கு விறைப்பு, எடையும் ஏறக்குறைய 3 மடங்கு. அதனால் அலுமினியக் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள், விட்டம் கூடினால் விறைப்பு மளமளவென்று ஏறிவிடும். அலுமினியம் 'கல்லு மாதிரி' என்று பேர் வாங்கியது பெரும்பாலும் அந்தப் பருமனால்தான். முனை தடித்து நடு மெலிந்த ஸ்டீல் குழாய் (இங்கிலாந்தின் ரேனால்ட்ஸ் கம்பெனி 1897இல் காப்புரிமை வாங்கியது) அழுத்தி மிதித்தால் பக்கவாட்டில் லேசாக வளைந்து கொடுக்கும். பாலிக் பூலாவ் மேட்டில் எனக்கு அது பிடிக்கும். என் அண்ணனுக்கோ இடியாப்பத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். மேலும் கீழுமாக வரும் அதிர்வை மட்டும் எந்தக் குழாயும் டயர் அளவுக்கு வாங்காது.