பழைய மாஸிக்கு ஹவுசிங் ஆயில்: எங்கே தவறுகிறோம்

பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் வாங்கியதும் பலர் முதலில் பெயின்ட் அடிக்கிறார்கள். பிறகு கடைக்குப் போய், "ஹவுசிங்குக்கு ஆயில் குடுங்க" என்று பொதுவாகக் கேட்கிறார்கள். (ஹவுசிங் என்றால் கியரும் லிஃப்ட் பம்பும் அடங்கிய பின்பக்க இரும்புக் கூடு.) தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. டிரெயின் பிளக்கை முறுக்கு, டிப்ஸ்டிக் பார் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கிரவுன் ஆயில் 90

1035 போல மாஸி 35 வழிவந்த வண்டிகளில் கியர்பாக்ஸ், கிரவுன் (பின் அச்சைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்), கலப்பையைத் தூக்கும் லிஃப்டின் பம்ப் மூன்றும் ஒரே ஆயிலில் கிடக்கின்றன. மொத்தம் 30 லிட்டரை ஒட்டி வரும். பம்ப் ஹவுசிங்குக்குள்ளே ஆயிலில் மூழ்கிக் கிடக்கும் பிஸ்டன் பம்ப். அதைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இன்ஜின் சுழற்சியைக் கொடுக்கும் தண்டு. ஆகவே ஊற்றும் ஆயில் பல்லையும் காக்க வேண்டும், பம்பின் கன்ட்ரோல் வால்விலும் தங்குதடையின்றி ஓட வேண்டும்.

கடைக்காரர் எடுத்து நீட்டுவதோ லாரி கிரவுனுக்குப் போகும் இ.பி. 90, ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஹைபாய்டு கிரவுனுக்கானது. அங்கே பல்லோடு பல் கடும் அழுத்தத்தில் வழுக்கித் தேயும். மாஸி 35 கிரவுன் ஸ்பைரல் பெவல், ஹைபாய்டு அல்ல. அந்த மருந்து இதற்குத் தேவையே இல்லை. ஆயில் சூடேறினால் அதே கந்தகம் உள்ளே இருக்கும் வெண்கல புஷ்களை அரிக்கத் தொடங்கும்.

ஒர்க்‌ஷாப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது. காலையில் லிஃப்ட் நன்றாகத் தூக்கும். மதியம் ஆயில் சூடானதும் கலப்பை தொங்கும். முதலில் லிஃப்ட் சிலிண்டர் ரிங் மாற்றுவார்கள். சரியாகாது. பிறகு வால்வு. அதற்கும் சரியாகாது. கடைசியில் லிஃப்ட் கவரைத் தூக்கி, பி.டி.ஓ. ஷாஃப்டை உருவி, பம்பை வெளியே எடுப்பார்கள்; அரித்துப்போன புஷ் அங்கேதான் இருக்கும். ஆயில் விஷயத்தில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு நாள் கூலிக்குக்கூடக் காணாது. எரிச்சல் என்னவென்றால், பம்பை மாற்றிவிட்டு மறுபடியும் அதே ஜிஎல்-5 ஆயிலையே ஊற்றுகிறார்கள்!

வடித்த ஆயிலைக் காந்தத்தில் தேய்த்துப் பாருங்கள். இரும்புத்தூள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் பொன்னிறமாக மின்னுவது வெண்கலம்.

கேட்க வேண்டியது டிராக்டருக்கான யு.டி.டி.ஓ. வகை ஆயில், டிரான்ஸ்மிஷன், ஹைட்ராலிக் இரண்டுக்கும் பொது. கம்பெனியின் டேட்டா ஷீட்டில் 'காப்பர் ஸ்ட்ரிப்' என்ற வரியைப் பாருங்கள்; ஆயில் செம்பை எவ்வளவு கறுக்க வைக்கிறது என்ற சோதனை அது. 1ஏ அல்லது 1பி இருந்தால் வாங்கலாம். 3, 4 என்றால் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் ஆயில் பிரேக்கோடு (ஆயிலில் மூழ்கிய வெட் பிரேக்) வந்த மாடல்களுக்கு, வெட் பிரேக்குக்கு ஏற்றது என்று டின்னிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் கத்தும், அதிரும்.

"90, 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி"

இல்லை. கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் எண் வரிசை வேறு வேறு. கியர் 90-இன் கெட்டித்தன்மை ஏறக்குறைய இன்ஜின் 40, 50 அளவுதான்.

ஜே.சி.பி.க்கு வாங்கிய 68

அது வெறும் ஹைட்ராலிக் ஆயில், பல் தேயும். வேண்டாம்.

தொளி உழவுக்குப் பின் அப்படியே விடுவது

கேஜ் வீல் போட்டுச் சேற்றில் இறங்கிய வண்டியில் பி.டி.ஓ. சீல், கியர் லீவர் ரப்பர் வழியாகத் தண்ணீர் ஏறும். இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். பால் கலந்த டீ நிறமானால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது. முழுவதும் மாற்ற வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் சூடான தோசைக்கல்லில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர். பட்டறையில் ஒதுக்கிய பழைய கல்லாக இருக்கட்டும், வீட்டுக் கல் வேண்டாம்.

இன்ஜின் ஆயிலை ஹவுசிங்கில் ஊற்றினால் இந்தத் தொல்லை கூடும். அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரை அடியில் படியவிடாமல் கலக்கியே வைத்திருக்கும்.

டீசல் ஊற்றிக் கழுவுவது

டீசலில் ஓடும் பம்புக்கு வழவழப்பு கிடைக்காது. மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலையும் நீர்க்கவைக்கும். வண்டியை ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே எல்லா டிரெயின் பிளக்கையும் கழற்றி இரவு முழுக்க வடியவிடுங்கள். பக்கவாட்டுக் கவரைத் திறந்து அடி வண்டலைத் துணியால் துடைத்தெடுங்கள். பனியன் வேஸ்ட் கூடாது; அதன் நூல் பம்பின் சல்லடையில் போய்ச் சிக்கும்.

ஊரார் டிப்பர் டிரெய்லர்

டிரெய்லர் ஜாக்கி (தொட்டியைத் தூக்கும் சிலிண்டர்) தூக்கும்போது எடுத்துக்கொள்வது உங்கள் ஹவுசிங் ஆயில். இறக்கும்போது திரும்பி வருவதில் இதற்கு முன் அதை இழுத்த வண்டியின் ஆயிலும் இருக்கும், அழுக்கும் இருக்கும். வாடகை டிரெய்லரை மாட்டும் முன் பைப் முனையைத் துடையுங்கள். ஜாக்கியில் கிடக்கும் பழைய ஆயிலை வடித்துவிட்டு மாட்டினால் இன்னும் நல்லது. லெவலைச் சமதரையில், டிரெய்லரும் லிஃப்டும் இறங்கிய நிலையில் பாருங்கள். தூக்கிய நிலையில் பார்த்து ஊற்றினால் கூடுதலாகிவிடும், சீல் வழியாக வழியும்.