ரோம் பார்க்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு காலையில் புனித பேதுரு சதுக்கத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நம்மூர் முகமாக ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் கையில் மடித்த தாள். வாடிகன் அருங்காட்சியக டிக்கெட், 10.30 மணி. அப்போது மணி 10.10. "தம்பி, உங்க வரிசை இது இல்ல, வாங்க" என்று அவர்களை மதிலோரமாகக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன். உள்ளே போய்விட்டார்கள். ஆனால் எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அதே இடத்தில் அதே தவறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு.

பிக்பாக்கெட், நடக்க வசதியான செருப்பு இதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வாடிகனில் தப்பான வரிசை

வாடிகனில் பெரிய இடங்கள் இரண்டு. ஒன்று பேதுரு பேராலயம். சதுக்கத்தின் வழியாகத்தான் நுழைய வேண்டும், கட்டணம் கிடையாது. இன்னொன்று அருங்காட்சியகம். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை கூரையில் ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயம் இதற்குள்தான் இருக்கிறது. இதற்கு டிக்கெட் உண்டு, முன்பதிவு செய்தால் நேரமும் உண்டு. ஆனால் இதன் வாசல் சதுக்கத்தில் இல்லை. வாடிகன் மதிலைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் கால் மணி நேரம் நடக்க வேண்டும், கடைசியில் மேடு வேறு.

இரண்டுக்கும் பெரும்பாலோர் இறங்குவது ஒட்டாவியானோ மெட்ரோ நிலையத்தில்தான். கூட்டத்தோடு போனால் சதுக்கம் வந்துவிடும். அங்கே பெரிய வரிசை தெரியும். இவ்வளவு பேர் நிற்கிறார்கள், இதுதான் என்று நின்றுவிடுகிறோம். அந்த வரிசையில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை, அதனால் தப்பு கடைசிவரை தெரியாது.

அம்மா வந்தது ஜூன் மாதம், 11 மணிக்கு டிக்கெட். வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்று சோதனை இயந்திரத்துக்கு முன்னால் டிக்கெட்டை நீட்டினேன். காவலர் பார்த்துவிட்டு மதில் பக்கம் கையைக் காட்டினார். மணி 11.20. அம்மாவுக்கு முட்டிவலி, அதற்குமேல் ஒரு மேடு ஏற முடியாது. பேராலயத்தை மட்டும் பார்த்தோம். அம்மா பார்க்க ஆசைப்பட்டதோ அந்தக் கூரையை, காலண்டரில் பார்த்த, ஆதாமின் விரலை நோக்கி நீளும் கடவுளின் கையை. டிக்கெட் பணம் போனது போகட்டும். அம்மா அதற்கப்புறம் ரோமுக்கு வரவில்லை. இன்றும் யாராவது அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தில் நின்றால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மேல் இல்லை, ஒரே பேரைச் சொல்லி அனுப்பி வைக்கிறவர்கள் மேல். "வாடிகன்" என்று சொன்னால் போதாது, எந்த வாசல் என்று சொல்ல வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். பேராலயம் காலை 7 மணிக்கே திறந்துவிடும், அந்நேரத்தில் கூட்டம் குறைவு. அதை முதலில் முடித்து, ஒரு காபி குடித்துவிட்டு அருங்காட்சியகத்துக்கு நடங்கள். நேரே அருங்காட்சியகம்தான் என்றால், ஒட்டாவியானோவிலிருந்து ரிசொர்ஜிமெந்தோ சதுக்கம் வந்ததும் வலப்பக்கம் திரும்பி, மதிலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே ஏறுங்கள். வழியில் "மூணு மணி நேரம் வரிசை" என்று மறித்து டிக்கெட் விற்பார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது, பயப்பட வேண்டாம். உள்ளே சிஸ்டைன் வரை நீண்ட நடை, முட்டிவலிக்காரர்களை அவசரப்படுத்தாதீர்கள். புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு நடக்கும், பேராலயத்தை அன்று வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அன்று இலவசம், கூட்டமும் அப்படி.

சதுக்கத்தை விட்டுப் போகும் முன் இன்னொன்று. நடுவில் நிற்கும் ஒற்றைக்கல் தூணுக்கும் நீரூற்றுக்கும் இடையில், தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கும். அதன்மேல் நின்று பெர்னினி கட்டிய தூண் மண்டபத்தைப் பாருங்கள். நான்கு வரிசைத் தூண்களும் ஒரே வரிசையாகச் சேர்ந்துவிடும். ஓரடி நகர்ந்தால் பின்வரிசைத் தூண்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்.

தோள், முட்டி தெரியும் உடை

பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும்.

டிக்கெட்டில் இனிஷியல்

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள ஆவணம் கேட்பார்கள். நமக்கு இனிஷியல் போட்டு எழுதித்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் முழுதாகவே கொடுங்கள்.

கொலோசியத்தோடு திரும்பிவிடுவது

அதே டிக்கெட்டில் பக்கத்திலேயே இருக்கும் ரோமன் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம், இப்போது இடிபாடுகள்) பலட்டைன் குன்றும் சேர்ந்திருக்கின்றன. வெளியே படம் எடுத்துவிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஃபோரத்துக்குள் மாக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் நிற்கின்றன. அது எழும்பிய இடத்தில் அதற்கு முன் டொமிஷியன் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. யவனர் கப்பல் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறோம். அந்த மிளகு வந்து இறங்கிய ஊர் இது.

போர்கேஸே அருங்காட்சியகத்தைத் திங்கட்கிழமைக்கு வைப்பது

திங்கள் விடுமுறை. மற்ற நாளும் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்குவது

தெருக்குழாய்த் தண்ணீரே குளிர்ந்திருக்கும், நன்றாக இருக்கும்.

ஸ்பானியப் படிகளில் உட்காருவது

2019 முதல் அபராதம்.

ராத்திரி டிராஸ்டெவெரே மட்டும்

எல்லோரும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் டிராஸ்டெவெரே பகுதிக்குப் போகிறார்கள். காலையில் போங்கள், அங்குள்ள சாந்தா மரியா ஆலயத்தில் 12ஆம் நூற்றாண்டுப் பொன்னிற மொசைக்கை நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். அப்புறம் டைபர் ஆற்றைக் கடந்து டெஸ்டாச்சோ பகுதி. அங்கே சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று இருக்கிறது. மண் குன்று இல்லை. ரோமானியர் காலத்தில் எண்ணெய் வந்து இறங்கிய சாடிகளை உடைத்து உடைத்து அடுக்கியதில் எழும்பியது. அடிவாரத்தில் சில உணவகங்களின் பின்சுவர் கண்ணாடி. அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில், கைப்பிடி வளைவோடும் கழுத்தோடும் ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானியச் சாடி ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவு உடனே அடையாளம் தெரியும்.