மயில் எங்கே அகவுகிறது? கணினி விளையாட்டுகளில் ஒலிக்கு இடம் கொடுக்கும் முறை

இரணைமடுக் குளக்கட்டில் மாலையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவரும், வலப்பக்கக் காட்டில் மயில் அகவினால் அந்தத் திசையைக் கைநீட்டிக் காட்டிவிடுவார். வலக்காதை எட்டிய ஒலி இடக்காதை எட்ட, மிகக் கூடினாலும் 0.7 மில்லிசெக்கன் அளவே பிந்துகிறது. அந்தப் பிந்தலையும், தலை மறைப்பதால் இடக்காதில் உயர் மீடிறன்கள் மெலிவதையும் மூளை ஒப்பிட்டுத் திசையை அறிகிறது. உயரத்தை உணர்த்துபவை காதுமடலின் மடிப்புகள். இவையனைத்தையும் அளந்து உருவாக்கிய வடிகட்டியே எச்.ஆர்.ரி.எஃப் எனப்படுகிறது.

இந்த வடிகட்டியைக் கொண்டு விளையாட்டில் மயிலின் ஒலிக்கு இடம் கொடுக்க, முதலில், தெறிப்பொலி படியாத ஒற்றைத்தடப் பதிவு வேண்டும். சோளகக் காற்று எழுந்துவிட்டால் பனையோலைச் சலசலப்பு எல்லாப் பதிவிலும் ஏறிவிடும் என்பதால், காற்று அடங்கிய வேளையில், ஒலிவாங்கிக்கு உறையிட்டு, இயன்றவரை அருகிலிருந்து பதிவுசெய்யுங்கள். பின்னர் விளையாட்டுகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில், இந்த வடிகட்டியை ஒலிக்கு இடும் ஸ்டீம் ஓடியோ என்ற இலவச இணைப்பு மென்பொருளை இணைத்து, ஒலிமூலத்தின் 'ஸ்பேஷியல் பிளெண்ட்' அளவை 1 ஆக்கி, 'ஸ்பேஷியலைஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

தொலைவைக் காட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறைகிறது என்பது சரியே. ஆனால் ஒலியளவை மட்டும் குறைத்தால், மயில் தூரத்தில் இருப்பதாக அல்ல, அருகிலிருந்து மெல்ல அகவுவதாகவே கேட்கும். காற்று உறிஞ்சும் உயர் மீடிறன்களையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். சீமெந்துத் தரையும் தகரக்கூரையும் உள்ள வீட்டுக்குள் காட்சி நடந்தால், தூரம் கூடக்கூட நேரொலியைவிடத் தெறிப்பொலி ஓங்க வேண்டும்.

மயில் பாலைமரத்தின் உச்சியில் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. உயரத்துக்கான குறிப்புகள் பெரும்பாலும் 5000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. அகவலின் வலிமையோ அதற்குக் கீழே. ஆகவே அது கிளையில் அமரும்போது எழும் இலைச் சலசலப்பையும் அதே இடத்தில் வையுங்கள். காது உடனே மேல்நோக்கிப் போகும். இந்தச் சிறு சேர்க்கை, விலைகூடிய கருவிகளைவிட அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

குழு உரையாடலிலும் முறை இதுவேயாகும். நால்வரின் குரல்களை நான்கு திசைகளில் பிரித்து வைத்தால், இருவர் ஒன்றாகப் பேசினாலும் ஒருவரைப் பின்தொடர முடியும்.

இறுதியில், ஹெட்போன் அணிந்த ஒருவரிடம் கண்ணை மூடித் திசை காட்டச் சொல்லுங்கள். முன்னால் உள்ளதை அவர் பின்னால் காட்டினால், தலையசைவைத் தொடரும் வசதியை இயக்குங்கள்: அவர் தலையைத் திருப்பும்போது மயில் கூடவே திரும்பாமல், அதே மரத்திலேயே இருக்க வேண்டும்.