ரெவிட்டில் ஒரு வியூவைத் தொட்டாலே மூடிக்கொள்கிறதா? திறக்காமலே சரிபார்க்கலாம்

கட்டடம் வரையும் ரெவிட் மென்பொருளில் பிளான் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும், கட்டடத்தை வெட்டிக் காட்டும் ஒரே ஒரு செக்‌ஷனைத் தொட்டால் மட்டும் ரெவிட் அப்படியே உறைந்து நின்று, கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். உடனே மறுபடி திறந்து அதே வியூவைத்தான் எல்லோரும் சொடுக்குவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஃபைலை வேறு ஃபோல்டரில் காப்பி எடுத்து வையுங்கள், இனி செய்வதெல்லாம் அந்தக் காப்பியில்தான். சென்ட்ரல் ஃபைல் வைத்து நாலு பேர் வேலை செய்யும் ப்ராஜெக்ட் என்றால் டிடாச் ஃப்ரம் சென்ட்ரல் டிக் போட்டுத் திறங்கள், இல்லையென்றால் சோதனைக்கு நீங்கள் அழித்தது சிங்க் ஆனதும் அவர்கள் ஃபைலிலும் அழிந்துவிடும்.

வியூ நிஜமாகவே கெட்டுத்தான் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெறுமையாகத் தெரிவதெல்லாம் கோளாறு இல்லை. யாராவது ஹைட் செய்திருப்பார்கள், எந்த உயரம் வரை காட்ட வேண்டும் என்ற வியூ ரேஞ்ச் கீழே போயிருக்கும், கட்டுமானக் கட்டத்தைக் குறிக்கும் ஃபேஸ் மாறியிருக்கும். எல்லா 3டி வியூவிலும் கறுப்புத் திட்டுகள் வந்தால் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படுங்கள், ஆப்ஷன்ஸில் ஹார்ட்வேர் அக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள். எந்த கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதே ஒரு வியூதான் விழுகிறது என்றால் வில்லங்கம் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியென்றால், திறக்கும் பெட்டியிலேயே ஃபைலின் கோளாறுகளைத் தேடிச் சரிசெய்ய ஆடிட் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள். பெரிய ஃபைலுக்கு நேரம் எடுக்கும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் காம்பாக்ட் ஃபைல் டிக் போட்டு சேவ் ஆஸ். ஃபைலே திறக்க மாட்டேன் என்றால் வெளியிலிருந்து இணைத்த லிங்க் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுங்கள், லிங்க் ஏற்றாமல் திறக்கும். உள்ளே நுழைந்ததும் மேனேஜ் டேபில் ஸ்டார்ட்டிங் வியூவை ஒரு வெற்று டிராஃப்டிங் வியூவாக வைத்துவிடுங்கள்.

ஆடிட்டிலும் சரியாகவில்லையா, அப்போது வியூவில் எதெது தெரிய வேண்டும் என்பதை மொத்தமாக அமைக்கும் வியூ டெம்ப்ளேட்தான் கை கொடுக்கும். ப்ராஜெக்ட் ப்ரௌசரில் பெயரை ஒரு தடவை மட்டும் சொடுக்கினால் வியூ திறக்காது, ஆனால் அதன் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் வந்துவிடும், ரைட் கிளிக் செய்து டெம்ப்ளேட்டும் போடலாம். முதலில் இருக்கிற ஒரு செக்‌ஷன் டெம்ப்ளேட்டை டூப்ளிகேட் செய்து, அதில் மாடல், அனோட்டேஷன், இம்போர்ட் மூன்றுக்கும் மேலே உள்ள ஒற்றை டிக்கை எடுத்துவிட்டு, லிங்க்கையும் அணைத்து, நிழலை நிறுத்தி, ஒயர்ஃப்ரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதைக் கெட்ட வியூவுக்குப் போட்டுவிட்டுத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கமாகத் திறக்கும். திறந்துவிட்டதா? அப்புறம் பாதிப் பாதியாக ஆன் செய்துகொண்டு வாருங்கள். இம்போர்ட்டைப் போட்டதும் விழுந்தால் காரணம் ஏதோ ஒரு டிடபிள்யூஜி, அதாவது ஆட்டோகேட் டிராயிங். ரூஃப் கேட்டகிரியைப் போட்டதும் விழுந்தால், நம்ம ஊர் ஓட்டுக்கூரை வீட்டுக்கு யாரோ ஆசையாக ஒவ்வொரு ஓடாக மாடல் செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூரைக்கு ஒரு மெட்டீரியல் பேட்டர்ன் போதும், ஓடு எண்ண யாரும் வரப்போவதில்லை.

நான் முதலில் சந்தேகப்படுவது சர்வே டிராயிங்கைத்தான். நாகர்கோவில் பக்கத்து மனையை டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவி வைத்து அளந்து, யூடிஎம் என்ற உலக வரைபட ஆயத்தில் கொடுத்தால் அது 43 வடக்கு மண்டலத்தில் வரும், நார்த்திங், அதாவது வடக்கு நோக்கிய தூரம், 9 லட்சம் மீட்டரைத் தாண்டும். பத்து சென்ட் மனை, ஆனால் 0,0 என்ற ஒரிஜினில் இருந்து 900 கிமீக்கும் மேல் தள்ளி. ரெவிட்டோ இன்டர்னல் ஒரிஜினைச் சுற்றி 16 கிமீக்குள் வரைவதைத்தான் ஒழுங்காகக் காட்டும். இதில் டைட்டில் பிளாக் ஒன்று 0,0-விலேயே கிடந்துவிட்டால் அந்த ஒரே டிராயிங் மாநிலத்தை விட நீளமாகிவிடுகிறது, கோடுகள் உடைகின்றன, ஹேட்ச் சிதறுகிறது, வியூ திணறுகிறது. ஆட்டோகேட்டில் ஜூம் எக்ஸ்டெண்ட்ஸ் அடித்துப் பாருங்கள், மனை ஒரு புள்ளியாகத் தெரிந்தால் அதுதான் விஷயம். தூரத்தில் கிடப்பதை அழித்து, பயன்படாததை பர்ஜ் செய்து நீக்கி, சென்டர் டு சென்டராக லிங்க் செய்யுங்கள், ஆயம் வேண்டுமென்றால் அதன் பிறகு அக்வையர் கோஆர்டினேட்ஸ். இம்போர்ட் வேண்டவே வேண்டாம், எக்ஸ்ப்ளோட் அதைவிட வேண்டாம்.

எல்லாவற்றையும் அணைத்தும் விழுகிறது என்றால் அந்த வியூ போனது போனதுதான். ப்ரௌசரிலேயே டெலிட் செய்துவிட்டு அதே இடத்தில் புது செக்‌ஷன் வெட்டுங்கள். ஷீட்டில் அது உட்கார்ந்திருந்த இடம் காலியாகும், டைமென்ஷனும் மறுபடி போட வேண்டியதுதான், எரிச்சலான வேலை. அதற்கு முன் பேக்கப்பையும் எட்டிப் பாருங்கள். சேவ் செய்யும்போதெல்லாம் பழைய ஃபைல் பெயரின் கடைசியில் 0001, 0002 என்று நிற்கும், தனி ஃபைலுக்கு வழக்கமாக 3 தான் வைத்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் கரண்ட்டைப் பிடுங்கும் ஊரில் 3 போதாது, சேவ் ஆஸ் ஆப்ஷன்ஸில் 10 ஆக்கிக்கொள்ளுங்கள். சேவ் ஓடும் நடுவில் கரண்ட் போன ஃபைலை ஆடிட் செய்து மீட்பதைவிட முந்தைய பேக்கப்பை எடுப்பதே சீக்கிரம் முடியும். எந்த வியூவில் விழுந்தது என்றே நினைவில்லையா, ரெவிட் தன் செயல்களை எழுதிவைக்கும் ஜர்னல்ஸ் ஃபோல்டரில் கடைசி டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து, அடியிலிருந்து மேலே தேடுங்கள், கடைசியாகத் திறந்த வியூவின் பெயர் அங்கே கிடக்கும்.