பிள்ளை பெற்ற உடம்புக்கு எட்டாம் மாதமே என்ன செய்து வைக்கலாம்

வயிற்றில் எட்டு மாதம் என்றதும் வீட்டில் எல்லாரும் பிள்ளையின் சாமானைத்தான் அடுக்குகிறோம். சின்ன நுளம்பு வலை, தொப்பி, பழைய வேட்டி கிழித்த துணி எல்லாம் தயார். பெற்றவளுக்கு என்ன எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டால் "அதை அம்மா பார்ப்பா" என்று பதில் வரும். பார்ப்பாதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு மகளுக்கு, அம்மாவும் அதே வளவில் என்பதால் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் அம்மாவுக்கும் முழங்கால் நோவு இருக்கிறது, இரவு முழுக்க அவவும் முழித்திருக்க ஏலாது.

அதனால் முதல் வேலை, ஒரு பின்னேரம் அம்மாவையும் கணவரையும் இருத்தி வைத்துப் பேசுவது. இரவில் பால் கொடுத்த பிறகு பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுப்பது யார், துணி துவைப்பது யார், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவது யார், பார்க்க வருகிற சனத்தை வாசலில் வைத்து நாலு வார்த்தை பேசி அனுப்புவது யார். கடைசி வேலைக்கு வாய் உள்ள ஒரு மாமி கிடைத்தால் நல்லது, இதில் கணவர்மார் அநேகமாகத் தோற்றுப்போவார்கள்.

இரண்டாவது, கிளினிக்குக்கு ஒரு தரமாவது அம்மாவையும் கூட்டிப் போங்கள். "தண்ணி கூடக் குடிச்சா வயிறு வைக்கும் மகள்" என்ற பேச்சு எப்படியும் வரும், அப்போது நீங்கள் சொன்னால் எடுபடாது, மிட்வைஃப் மிஸ் சொன்னால் எடுபடும். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வழமையை விடக் கூடத்தான் வேண்டும், அதுவும் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், தையலோடு அதைக் கழிப்பது பிரசவ வலிக்குத் தம்பி. பால் கொடுக்க உட்காரும் இடத்தில் ஒரு பெரிய போத்தல் எப்போதும் இருக்கட்டும்.

சாப்பாட்டில் சண்டை தேவையில்லை. வேர்க்கொம்பு, மிளகு, மல்லி, நற்சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் முன்னமே வறுத்து இடித்துப் போத்தலில் போட்டு வைத்தால், பிறகு உள்ளி தட்டிப் போட்டுச் சரக்குக் கறி வைப்பது யாருக்கும் லேசு. பால்சுறா வறை, முருங்கையிலை, முட்டை, பருப்பு எல்லாம் நல்லதே. கீரையும் பழமும் குளிர் என்று மாதக் கணக்கில் ஒதுக்கி, சோறும் சரக்கும் மட்டும் தருவதைத்தான் நான் ஏற்கமாட்டேன், மலச்சிக்கலுக்குப் பப்பாசிப் பழத்தை விட மலிவான மருந்து என்ன இருக்கிறது? இரும்புச் சத்துக் குளிசையைப் பிள்ளை பிறந்ததோடு நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லும் வரை போடுங்கள். அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேசிக்காய்த் தண்ணி நல்லது.

இனி வீடு. கக்கூஸ் வளவின் பின்னால் இருந்தால் போகும் வழிக்கு இப்போதே ஒரு லைட் போடுங்கள், பாசி பிடித்த சீமெந்தைத் தேய்த்துக் கழுவுங்கள். குந்தி இருப்பது தையலுக்குக் கஷ்டம், கொமட் உள்ள வீடு பக்கத்தில் இருந்தால் சில நாள் அங்கே தங்கலாம், இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை உள்ள கதிரை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். கிணற்றில் அள்ளிக் குளிக்கிற வீடு என்றால் ஒரு பரல் வாங்கி வையுங்கள், நிரப்புவது கணவர் வேலை. சிசேரியன் ஆனவர் ஆறு வாரத்துக்குப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது, வாளியும் அதில் சேர்த்தி.

சிசேரியன் என்றால் கட்டிலால் எழும்புவதை இப்போதே பழகுங்கள். மல்லாந்து கிடந்தபடி தலையைத் தூக்கி எழும்பினால் காயம் இழுக்கும். முழங்காலை மடித்து, முழு உடம்பையும் ஒரு பக்கம் சரித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்கள். வேப்பிலை, நொச்சி அவித்த தண்ணீரில் குளிப்பதற்கு நான் எதிரி இல்லை, இளஞ்சூடாக இருந்தால் உடம்பு நோவுக்குச் சுகம்தான். ஆனால் கொதிக்கக் கொதிக்க வயிற்றில் அடித்து ஊற்றுவதும், வெட்டிய காயத்தின் மேல் வயிற்றை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கீழே தையல் உள்ளவர் ஒவ்வொரு முறையும் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் வற்றும்.

இரத்தம் நாலு முதல் ஆறு வாரம் வரை போகும், முதலில் சிவப்பு, பிறகு மண்ணிறம், பிறகு வெளிறிப்போகும். ஆகவே நீளமான பேட் நிறைய வாங்கி வையுங்கள். குறைந்துகொண்டு வந்தது திடீரென்று மறுபடி சிவந்தால் வேலை கூடிவிட்டது என்று எடுத்துப் படுத்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்து நோகும், இரண்டாவது பிள்ளைக்கு இன்னும் கூட, கருப்பை சுருங்குவதுதான் அது.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்கக்கூடாது: ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, பெரிய கட்டி கட்டியாகப் போவது, காய்ச்சல், கெட்ட மணம், காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சுத் திணறல், கண் மங்குகிற மாதிரித் தலையிடி. கடைசியாகச் சொன்னது பிரஷர் கூடியதால் இருக்கலாம், பிரசவத்துக்கு முன் பிரஷர் இல்லாதவருக்கும் அது வரலாம். பனடோல் போட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

மூன்றாம் நாலாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும், அது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்கு மேலும் நித்திரை, பசி இல்லாமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால் காத்துக்கறுப்பு என்று நூல் கட்டியதோடு விடாமல் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிட்வைஃப் முதல் பத்து நாளுக்குள்ளேயே வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஆனால் கல்முனையில் பதிந்துவிட்டு பிரசவத்துக்கு வாழைச்சேனை அம்மா வீட்டுக்குப் போனால் அவர் எப்படித் தேடி வருவது? எங்கே தங்கப் போகிறீர்கள் என்று முன்னமே சொல்லி, அந்தப் பகுதி மிட்வைஃபின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடமே குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள், மாதவிடாய் திரும்ப வராத போதும் கரு தங்கலாம்.