கப்பல் சுற்றுலா போகும் நம் டெல்டாக்காரர்களுக்கு

சம்பா அறுவடை முடிந்த கையோடு எங்கள் குடும்பத்தில் 14 பேர் மாயவரத்தில் ரயிலேறி, சென்னைத் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பல் ஏறினோம். திரும்பி வந்ததிலிருந்து தெருவில் பாதிப் பேர் எப்படி இருந்தது, நாங்களும் போகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கினார்களே, அந்த மாதிரி சில மணி நேரத்தில் அக்கரையில் இறக்கிவிடும் கப்பல் இல்லை இது. உள்ளேயே சாப்பிட்டு, தூங்கி, குளித்து, இரண்டு மூன்று நாள் ஆயிரக்கணக்கான பேரோடு இருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து ஆள் தொல்லை தாங்கவில்லையென்றால் கும்பகோணத்தில் இறங்கி வேறு வண்டி பிடிக்கலாம், நடுக்கடலில் எங்கே இறங்குவது? நாம் செய்யும் தொல்லையையும் மற்றவர்கள் அப்படித்தான் சகிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். ஏழு தடவை குட்டையாக ஒலி, அப்புறம் ஒரு நீண்ட ஒலி வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். அந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், அறையிலேயே படுத்தும் விடாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பல பேருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி நடந்தே ஆக வேண்டும் என்று விதியை மாற்றியது அதற்குப் பிறகுதான். ஒருவர் வராவிட்டால் எல்லோரும் காத்திருக்கும்படி ஆகும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நாம் அதிகம் மாற வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்தால் இலைக்குப் பரிமாற ஆள் வரும், போதும் என்று கையை மறித்தாலும் இன்னும் ஒரு கரண்டி விழும். பஃபேயில் நாமே எடுக்க வேண்டும், அதுவும் எல்லாம் தீர்ந்துவிடப் போகிறது என்ற பயத்தில் ஒரே தட்டில் பிரியாணி, பாஸ்தா, கேக் என்று குவித்து, பாதியை அப்படியே விட்டு எழுந்தவர்களைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. நெல் விளைவிக்கிற ஊர்க்காரர்கள் நாம். கொஞ்சமாக எடுங்கள், பிடித்திருந்தால் இன்னொரு தடவை போங்கள், போகும்போது புதுத் தட்டு எடுங்கள். கையால் சாப்பிடுவதில் ஒரு கூச்சமும் வேண்டாம், ஆனால் சாப்பிட்ட கையோடு பொதுக் கரண்டியைத் தொடாதீர்கள். எச்சில் பார்ப்பது நமக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயமா என்ன? சோப்பு போட்டுக் கழுவுங்கள், வாசலில் இருக்கும் சானிடைசர் மட்டும் போதாது. கப்பலில் வாந்திபேதியைப் பரப்பும் நோரோவைரஸ் அதற்குச் சரியாக அடங்காது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வயிறு கெட்டால் மறைக்காமல் கப்பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கடல். கொள்ளிடம் பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னல் வழியே காசு போட்டுப் பழகிய கை நம்முடையது. எங்கள் பெரியம்மா பூவும் மஞ்சளும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து மேல்தளத்திலிருந்து போடப் பார்த்தார். "பெரியம்மா, போடாதீங்க, காத்து திருப்பி கீழ் பால்கனியில கொண்டாந்து போட்டுடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி கப்பலிலிருந்து எந்தக் கடலிலும் பிளாஸ்டிக்கைப் போடக் கூடாது. கும்பிட்டுக்கொள்ளுங்கள், அது போதும் என்று சொன்னதும் அவரும் கேட்டுக்கொண்டார். பூம்புகாரில் இறங்கி முழுகுகிற கடலும் இதே கடல்தானே.

அறைக்குள் ஊதுவத்தி, விளக்கு, கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம். கப்பல்காரர்கள் பயப்படுவதே தீயைப் பார்த்துத்தான். நனைந்த வேட்டியைப் பால்கனிக் கம்பியில் காயப் போடாதீர்கள், காற்றில் பறந்தால் திரும்பி வராது. சுவர்கள் மெல்லியவை, ராத்திரி ஸ்பீக்கரில் வீடியோ கால் பேசினால் பக்கத்து அறைக்கு முழுசாகக் கேட்கும். நீச்சல்குளத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு மணிக்கணக்காக எங்கேயோ போய்விடுவது, குளத்தில் இருக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது, இரண்டுமே தப்பு. இரண்டாவது ரொம்பவே தப்பு.

வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்கிறார்கள். சட்டையில் பேர் இருக்கும், படித்துப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். விரலைச் சொடுக்கியோ "ஏய், தம்பி" என்றோ கூப்பிடாதீர்கள். டிப்ஸ் சில கப்பல்களில் பில்லிலேயே சேர்ந்து வரும், முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறையைச் சுத்தம் செய்தவருக்கு அதற்கு மேலும் கையில் ஏதாவது கொடுத்தால் நல்லது, நாங்கள் 14 பேரும் சேர்ந்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தோம்.

கடைசி ராத்திரி பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னால், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் மறுநாள் போடும் துணியையும் கைப்பையில் எடுத்துக்கொண்டு வையுங்கள். காலையில் உங்கள் தளத்தைக் கூப்பிடும்வரை படிக்கட்டில் போய்க் கூட்டமாக நிற்க வேண்டாம். சாயங்காலம் எழும்பூரில்தானே நமக்கு ரயில்.