நாணயச் சேகரிப்பு: வீட்டிலேயே பத்திரப்படுத்தி லேபிள் போடுவது எப்படி?

சேகரித்த நாணயங்களைப் பெரும்பாலும் கெடுப்பது அவற்றைப் போட்டு வைக்கும் உறைதான். மலிவான, வளையக்கூடிய பிளாஸ்டிக் உறைகள் பல பிவிசி (PVC) என்ற பிளாஸ்டிக் வகையால் ஆனவை. அதை மென்மையாக்கக் கலக்கும் பொருள் நாளடைவில் கசிந்து, நாணயத்தின் மேல் பச்சை நிறப் பிசுக்காகப் படியும். கூடவே வெளியாகும் அமிலம் உலோகத்தை அரிக்கும். புது ரெயின்கோட் வாசனை வரும் உறை எதையும் வாங்காதீர்கள். மைலார் (தெளிவான பாலியெஸ்டர் படலம்), பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் என்று குறிப்பிட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

தேவையானவை

மைலார் ஜன்னல் வைத்த 2 அங்குலச் சதுர அட்டை ஹோல்டர்கள், ஸ்டேப்ளர், தட்டை மூக்கு இடுக்கி, வெர்னியர் காலிப்பர், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பென்சில், சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா.

1. கையாளுதல்

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, மேஜையில் மெத்தென்ற துண்டை விரியுங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். செம்பு நாணயத்தின் முகத்தில் விரல் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ரேகை பிறகு பழுப்பாக எழும்பும். அதற்குள் உலோகம் அரிபட்டிருக்கும் என்பதால் துடைத்தாலும் போகாது. நாணயத்துக்கு நேர் மேலே பேசவும் வேண்டாம், எச்சில் துளியும் புள்ளி விடும்.

2. பாலிஷ் கூடவே கூடாது

எலுமிச்சை, பற்பசை, உலோகப் பாலிஷ் எல்லாம் மேல்பரப்பையே உரித்தெடுக்கும். போன மெருகு திரும்பாது, மதிப்பும் சரியும். பழைய உறையின் பிவிசி பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனைப் பயன்படுத்தலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, எடுத்துக் காற்றில் உலர விடுங்கள். தேய்க்காதீர்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் இதற்கு ஆகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கலாம்.

செம்பு, வெண்கல நாணயத்தில் பல்குச்சியால் தொட்டாலே உதிரும் வெளிர் பச்சைத் தூள் இருந்தால், அது குளோரைடால் வரும் அரிப்பாக இருக்கக்கூடும். ஈரம் கிடைத்தால் தொடர்ந்து பரவும். அதை உடனே தனி உறையில் பிரித்து வையுங்கள்.

3. லேபிளை முதலில் எழுதுங்கள்

நாணயத்தை உள்ளே வைத்த பிறகு அட்டையில் அழுத்தி எழுதினால் மைலார் வழியாக அழுத்தம் உள்ளே போகும். வெற்று ஹோல்டரிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் மை பக்கத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

அட்டையில் ஐந்து விவரம் போதும்: வரிசை எண், நாடு, மதிப்பு, ஆண்டு, அக்கசாலைக் குறி (நாணயம் எந்தச் சாலையில் அடிக்கப்பட்டது என்று காட்டும் சின்ன அடையாளம்). வரிசை எண்ணை 0001 என்று தொடங்கி, வந்த வரிசையிலேயே கொடுங்கள். எண்ணுக்குள் நாட்டையோ உலோகத்தையோ நுழைத்தால், பின்னால் அடுக்கை மாற்றும்போது எல்லாம் குழம்பும். விற்றுப்போன நாணயத்தின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

ஆண்டை நாணயத்தில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் பொது ஆண்டை (கி.பி.) குறியுங்கள். ஹிஜ்ரி 1400 என்று பொறித்திருந்தால் "1400 / 1979–80" என எழுதலாம். பொது ஆண்டை மட்டும் எழுதி வைத்தால், ஒன்றையே இரண்டு விதமாகப் பதிந்துவிடுவீர்கள்.

4. ஹோல்டரில் வைத்தல்

விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, அதற்கு அடுத்த பெரிய ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். 23.5 மி.மீ. நாணயத்துக்கு 25 மி.மீ. ஜன்னல் சரி. சிறியதாக இருந்தால் அட்டை முகத்தில் ஏறி உரசும். ரொம்பப் பெரிதானால் நாணயம் உள்ளே ஆடும்.

அட்டையை மடித்து, திறந்திருக்கும் மூன்று பக்கமும் ஸ்டேப்பிள் அடியுங்கள். பிறகு ஒவ்வொரு ஊசி முனையையும் இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். நீட்டி நிற்கும் முனை அடுத்த அட்டையின் மைலாரைக் கிழித்து, உள்ளே இருக்கும் நாணயத்தையே கீறும். வெளியே எடுக்கும்போதும் எல்லா ஊசிகளையும் கழற்றிய பிறகே அட்டையைப் பிரிக்க வேண்டும்.

5. டப்பாவும் இடமும்

சிலிக்கா ஜெல் பையையும் ஈரப்பதமானியையும் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்ட விடாதீர்கள். ஈரம் உறிஞ்சினால் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகை ஜெல் வசதி. நிறம் மாறியதும் தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் உலர்த்தி, ஆறிய பிறகு திரும்ப வைக்கலாம்.

ரப்பர் பேண்டை டப்பா பக்கமே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். செய்தித்தாளில் சுற்றுவதும் அப்படித்தான். சில மரப் பெட்டிகளிலிருந்து அமில ஆவி வரும். சமையலறை, குளியலறைப் பக்கச் சுவர், வெயில் படும் அலமாரி மூன்றையும் தவிர்த்து, உள் அறையில் தரையிலிருந்து உயரமாக வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கொண்டுவந்த டப்பாவை உடனே திறந்தால் நாணயத்தில் பனித்துளி கோத்துக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள்.

6. பதிவேடு

எடை, விட்டம், உலோகம், பட்டியல் எண் (நாணயப் பட்டியல் நூலில் அதற்குள்ள எண்), வாங்கிய நாள், விலை எல்லாம் கணினி அட்டவணைக்குப் போகட்டும். இரண்டு பக்கமும் படமெடுத்து 0147-முன், 0147-பின் என்று பெயரிடுங்கள். பதிவேட்டின் பிரதியை டப்பாவுக்குள் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். திருட்டு போனால் புகாருக்கு அந்த எடையும் படமும்தான் உதவும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து ஜெல்லின் நிறத்தையும் செம்பு நாணயங்களையும் முதலில் பாருங்கள். ஈரம் ஏறியிருந்தால் செம்பில்தான் சீக்கிரம் தெரியும்.